காலை எடுக்கத் தெரிஞ்சவன்

வா கண்ணு, வந்து திண்ணையில உக்காரு. நீ முக்குத் திரும்பறதுக்கு முந்தியே உன்ற வண்டிச் சத்தம் வந்து சேதி சொல்லிருச்சு. சைலன்சரை மாத்திப்போட்டியாமா? நெம்ப நல்ல காரியம். செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில கூட ரேஸ் இல்லாத நாள்ல காதுக்கு ஓய்வு கிடைக்கும். உன்ற புண்ணியத்துல நம்மூருக்கு அந்தக் குறையும் தீந்துது. நீ ரேஸ் வீரனாகப் போறியாம், உங்கம்மா மூக்கைச் சிந்திக்கிட்டே சொன்னா. இதுல அழறதுக்கு என்ன இருக்குது? ஆகு சாமி, தாராளமா ஆகு. ஆகறதுக்கு முந்தி இந்தக் கிழவன் சொல்றதைச் சித்தெ கேட்டுட்டு ஆகு. புத்திமதிக்கு நான் வட்டி கேக்கறதில்ல.

இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. ராத்திரித் தூக்கம் வராத கிழவனுக்கு டிவியில சாமிப் பாட்டு முடிஞ்ச பொறகு வேற என்ன கெதி? உன்ற சித்தப்பன் லீவுக்கு வர்றப்பெல்லாம் ஃபார்முலா ஒன் போட்டுவுட்டுட்டு அவன் தூங்கிருவான். நான்தான் கடைசி ரவுண்டு வரைக்கும் பாக்கறவன்.

மொதல்ல உன்ற பெரியப்பன் சங்கதியப் பேசி முடிச்சுப்போடலாம். டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, "ஓடறது வண்டி, எரியறது பெட்ரோலு, சும்மா உக்காந்து வர்றவனுக்கு எதுக்கு மாலை?"ன்னு கேக்கறானாமா. அவன் கேக்கறதுலயும் ஞாயம் இருக்குது. நம்ம பக்கம் ரேக்ளாவுல 200 மீட்டர், 300 மீட்டர்னு வுடறாங்களே, செயிச்சா பேரு காளைக்குத்தான், வெலை ஏர்றதும் காளைக்குத்தான். ஆனா ஒருக்கா வண்டிக்காரனை எறக்கிப்போட்டு அதே காளைகளை அவுத்து வுட்டுப் பாரு. எல்லைக்கோட்டுக்குப் போகாது, அக்கட்டால இருக்கற சோளக்காட்டுக்குத்தான் போகும். இதைப் பெரியப்பன்கிட்ட நீ சொல்லாத. சொன்னா அன்னைக்கு டீக்காசு உன்ற தலையிலதான் விழும்.

அவனை மட்டும் கொறை சொல்லிப் பிரயோசனமில்ல. சர்க்காரும் நெம்ப நாளா அவன் கட்சிதான். கிரேட்டர் நொய்டாவுல புத்தா சர்க்யூட்னு கட்டி 2011, 2012, 2013ன்னு மூணு வருசம் ஃபார்முலா ஒன் நடத்துனாங்க. மூணையும் செபாஸ்டியன் வெட்டல்தான் செயிச்சாரு. உத்தரப் பிரதேசத்துல "இது விளையாட்டே இல்ல, பொழுதுபோக்கு"ன்னு கணக்கெழுதி கேளிக்கை வரி கேட்டாங்க. வரித் தகராறுல மாட்டுன பந்தயம் அதோட நின்னு போச்சு. அதே நாட்டுலதான் நம்ம கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயனுக்கு 2010-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ராலி ஓட்டற கௌரவ் கில்லுக்கு 2019-ல அர்ஜுனா விருது. மோட்டார் பந்தயத்துல இருந்து அதை வாங்குன மொத ஆளு அவருதான். ஒரு கையில விருது, இன்னொரு கையில வரி நோட்டீசு. சர்க்காருக்கே முடிவு தெரியாதப்ப டீக்கடை பெஞ்சு என்ன பண்ணும்?

சரி, சும்மா உக்காந்து வர்றாங்கறதை இப்பப் பாப்பம். உன்ற கழுத்தைக் காட்டு. சட்டைக் காலர் தூக்கி நிக்கறதுக்கு இது போதும். ஃபார்முலா ஒன் காருல வளைவுல திரும்பறப்பவும் பிரேக் அடிக்கறப்பவும் ஒடம்பு மேல அஞ்சு மடங்கு பாரம் ஏறுது. தலையும் ஹெல்மெட்டும் சேந்து ஆறேழு கிலோ இருக்கும். அஞ்சு மடங்குன்னா முப்பது கிலோவுக்கு மேல ஆச்சா? அதை இடது பக்கம், வலது பக்கம், முன்னாடின்னு மாத்தி மாத்திக் கழுத்து ஒண்ணே தாங்கோணும். ஒரு வளைவுக்கில்ல, முந்நூறு கிலோமீட்டருக்கும். அதனாலதான் அவங்க தலையில வாரைக் கட்டி எடையை மாட்டிக் கழுத்துக்குன்னே தனியாப் பயிற்சி எடுக்கறாங்க. உனக்கு ஹெல்மெட் பாரமா இருக்குதுன்னு கண்ணாடியில மாட்டிக்கிட்டு வர்ற பாரு, நல்ல யோசனை. அடிபட்டா கண்ணாடிக்காச்சும் ஒண்ணும் ஆகாது.

இப்பக் காலைக் காட்டு. அந்த பிரேக்கை அழுத்தறதுக்கு நூறு கிலோவுக்கு மேல மிதிக்கோணும். நம்ம வீட்டுக் காருல பெருவெரல் வெச்சா நிக்குதே, அந்த வசதியெல்லாம் அங்க கெடையாது. ஒவ்வொரு ரவுண்டுலயும் அஞ்சாறு எடத்துல எடது காலால அந்த மிதி மிதிக்கோணும். அதுவும் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள, இம்மி பிசகாம. கொஞ்சம் அதிகமா மிதிச்சாச் சக்கரம் பூட்டிக்கும், கொஞ்சம் கொறைச்சா வளைவுல நேராப் போயிச் சுவத்தைப் பாக்கோணும். அவ்வளவு நேரமும் நெஞ்சு நிமிசத்துக்கு நூத்தறுவது, நூத்தியெழுவதுன்னு அடிக்குது. நீ மாடிப்படி ஏறி வந்தா எத்தனை அடிக்குதுன்னு ஒருக்கா எண்ணிப் பாரு. வேண்டாம், எண்ணாத, உங்கம்மா பயந்துக்குவா.

வெக்கைன்னா எப்படிப்பட்ட வெக்கைங்கற? காருக்குள்ள அம்பது டிகிரி வரைக்கும் ஏறும். அதுக்குள்ள நெருப்புப் புடிக்காத உள்பனியன், அதுக்கு மேல பல மடிப்பு அங்கி, மொகத்தை மூடற துணி, கையொறை, அப்பறம் ஹெல்மெட். குடிக்கத் தண்ணி ஒரு கொழாய் வழியா வரும். பாதிப் பந்தயத்துல அதுவும் கொதிச்சுப்போயிருக்கும். ஒரு பந்தயம் முடியறப்ப ரெண்டு, மூணு கிலோ எடை வேர்வையாப் போயிருது. எடை கொறைக்க ஜிம்முக்குப் பணம் கட்டறவங்களுக்கு இதைச் சொல்லிப்போடாத, எல்லாரும் ரேஸ்காரராகிருவாங்க.

2023 அக்டோபர்ல கத்தார்ல நடந்ததை நானே பாத்தேன் கண்ணு. ராத்திரிப் பந்தயம்தான், ஆனாலும் புழுக்கம் கொல்லுது. அன்னைக்கு டயருல சந்தேகம் வந்து, ஒரு செட் டயருல பதினெட்டு ரவுண்டுக்கு மேல ஓட்டப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்க. வழக்கமா டயர் தேயக்கூடாதுன்னு பைய ஓட்டி மூச்சு வாங்குவாங்க. அன்னைக்கு அந்த வழியும் அடைச்சுப்போச்சு. 57 ரவுண்டும் முழு வேகம். எஸ்தபான் ஒகோன்ங்கற ஃப்ரெஞ்சுப் பையன் ஹெல்மெட்டுக்குள்ளயே வாந்தி எடுத்தான். எடுத்துப்போட்டு நிறுத்துனானா? அப்படியே ஓட்டி ஏழாவதா வந்தான். லோகன் சார்ஜன்ட் முடியாம நடுவுலயே ஒதுங்கிட்டான். லான்ஸ் ஸ்ட்ரோல் காரை வுட்டு எறங்கித் தள்ளாடி ஆம்புலன்சைத் தேடிப் போனான். அதுக்கப்பறம்தான் மேல இருக்கறவங்களுக்குச் சூடு ஒறைச்சுது. 2025-ல இருந்து வெயில் அதிகம்னா ஒடம்பைக் குளுத்தற பனியன் வந்திருக்குது.

இதை விடப் பழைய கதை ஒண்ணு. 1991, பிரேசில், இன்டர்லாகோஸ். அயர்டன் சென்னாவோட சொந்த ஊரு. சொந்த ஊருல ஒருக்காக்கூட செயிச்சதில்லன்னு மனுசனுக்குப் பெரிய வெசனம். அன்னைக்கு முன்னாடி போயிட்டிருக்கறப்ப கியர் ஒவ்வொண்ணாப் போச்சு. கடைசியில ஆறாவது கியர் மட்டும்தான். சின்ன வளைவுக்கும் ஆறு, மேட்டுக்கும் ஆறு. வண்டி அணையாம இழுத்துப் புடிச்சு, மழைத் தூத்தலோட செயிச்சுப்போட்டாரு. நின்ன பொறகு தசையெல்லாம் புடிச்சுக்கிட்டுத் தானா எறங்க முடியல. மேடையில கோப்பையத் தூக்கப் பட்ட பாட்டைப் பாத்தீன்னா, உன்ற பெரியப்பனே பெஞ்சை வுட்டு எந்திரிச்சிருவான். வயசாயிப்போச்சுன்னு அவனும் வெசனப்பட வேண்டாம். அர்ஜென்டினாக்காரரு ஃபாஞ்சியோ அஞ்சாவது தடவையா உலக சாம்பியன் ஆனப்ப வயசு 46. அவரு டீக்கடையில உக்காந்து அப்படி ஆகலைங்கறதுதான் ஒரே சிக்கல்.

ஆக, ஒடம்புல தெம்பு உள்ளவன்தான் ஓட்டறான். அது முடிவாகிப்போச்சு. இனி உன்ற விசயத்துக்கு வர்றேன். உனக்கு அவங்களோட கழுத்து வேண்டாம், வேர்வை வேண்டாம், வேகம் மட்டும் வேணும். வீரம்னா ஆக்சிலேட்டரை முறுக்கறதுன்னு நெனைச்சுட்டிருக்கற. வீரம் எங்க இருந்துதுன்னு ரெண்டு மூணு ஆளைக் காட்டறேன் பாரு.

ஜாக்கி ஸ்டூவர்ட்னு ஸ்காட்லாந்துக்காரரு. அப்பன் கார் ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தவரு. 1966-ல பெல்ஜியத்துல ஸ்பா பந்தயம். மொத ரவுண்டுலயே மழை வந்து வண்டிக ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கிப் போச்சு. இவரு வண்டி ரோட்டை வுட்டுப் பறந்து போயி நொறுங்கிக் கெடக்குது. பெட்ரோலு ஒடம்பெல்லாம் நனைச்சு ஊத்துது. ஸ்டியரிங்கைக் கழட்டாம ஆளை வெளிய எடுக்க முடியாது. கழட்டறதுக்கு ஸ்பானர் இல்ல. ஒரு தீக்குச்சி போதும் கதை முடியறதுக்கு. கூட ஓட்டுன கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும் தங்களோட வண்டிகளை வுட்டுட்டு ஓடியாந்து, வேடிக்கை பாத்தவங்ககிட்ட ஸ்பானர் எரவல் வாங்கிக் கழட்டி வெளிய எடுத்தாங்க. இருவத்தஞ்சு நிமிசம் ஆச்சாமா. பெட்ரோலு நனைஞ்ச துணியெல்லாம் உருவிப்போட்டுப் பக்கத்துப் பண்ணையில படுக்க வெச்சிருக்கறப்ப கன்னியாஸ்திரிக வந்து சேந்தாங்களாம். உசுரு போற நேரத்துலயும் மனுசனுக்கு மானக்கேடு பாரு. அப்பறம் ஏத்திக்கிட்டுப் போன ஆம்புலன்ஸ்காரன் ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாம சுத்துனானாமா.

நீயா இருந்தா என்ன பண்ணுவ? ஆஸ்பத்திரிக் கட்டிலோட ஒரு படம் எடுத்து, பின்னாடி பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வெப்ப. அந்த மனுசன் அடுத்த பந்தயத்துல இருந்து ஸ்டியரிங் தண்டுலயே ஒரு ஸ்பானரை ஒட்டி வெச்சுக்கிட்டாரு. அதோட வுடல. சீட் பெல்ட்டு வேணும், மொகம் மூடற ஹெல்மெட் வேணும், ரோட்டோரம் தடுப்பு வேணும், டாக்டரு வேணும்னு ஊரூராச் சண்டை போட்டாரு. கோழைன்னு ஏசுனாங்க. ஏசுனவங்களுக்கு முன்னாடியே மூணு தடவை உலக சாம்பியன் ஆனாரு, 27 பந்தயம் செயிச்சாரு. 1973-ல கூட்டாளி பிரான்சுவா செவேர் அமெரிக்காவுல வாட்கின்ஸ் கிளென்ல செத்துப்போனப்ப, அடுத்த நாள் ஓட்ட வேண்டிய நூறாவது பந்தயத்தை ஓட்டாமயே எறங்கிட்டாரு. நூறுங்கற கணக்கு அவருக்குப் பெருசாத் தெரியல. இன்னைக்கு எண்பது வயசைத் தாண்டின கெழவன். உனக்கும் அந்த வயசு வரோணும்னுதான் நானும் சொல்றேன்.

இன்னொருத்தரு நிக்கி லாடா, ஆஸ்திரியாக்காரரு. 1976-ல ஜெர்மனியில நூர்பர்க்ரிங்ல பந்தயம். ஒரு ரவுண்டே கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர், மலையும் காடுமா. இது ஆபத்து, ஓட்ட வேண்டாம்னு சொன்னதே அவருதான். மத்தவங்க ஒத்துக்கல. ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதே ரோட்டுல அவரு வண்டியே மோதித் தீப்புடிச்சுது. கூட ஓட்டுனவங்க நாலு பேரு நெருப்புக்குள்ள கையவுட்டு இழுத்தாங்க. ஆஸ்பத்திரியில பாதிரியார் வந்து கடைசி ஜெபமே பண்ணிப்போட்டாரு. 42 நாள் கழிச்சு, இத்தாலியில மோன்சா பந்தயத்துல, கட்டு அவுக்காத தலையில ஹெல்மெட்டை மாட்டி ஓட்டி நாலாவதா வந்தாரு. இதைக் கேட்டதும் உன்ற கண்ணு மின்னுது பாத்தியா? வீரன்னா இவன்டான்னு தோணுதுல்ல? பொறு, அவரு வீரம் இன்னும் வரல.

அதே வருசம் அக்டோபர், ஜப்பான்ல ஃபூஜி. கடைசிப் பந்தயம். லாடா மூணு பாயின்ட் முன்னாடி, பின்னால ஜேம்ஸ் ஹன்ட். மழை கொட்டித் தள்ளுது, முன்னாடி போற வண்டி தெரியல. நெருப்புல கண்ணிமை கெட்டுப்போனதால லாடாவுக்கு இமைக்கவே சிரமம். ரெண்டு ரவுண்டு ஓட்டுனாரு. வண்டியத் திருப்பிக் கொண்டாந்து நிறுத்திட்டு எறங்கிட்டாரு. "இன்ஜின் கோளாறுன்னு சொல்லிக்கலாம்"னு டீம் இன்ஜினீயர் ஃபோர்கியேரி மறைக்க ஒரு துணி நீட்டுனாரு. வேண்டாம்னுட்டாரு. நாந்தான் நிறுத்துனேன்னு உலகத்துக்கே சொன்னாரு. ஹன்ட் மூணாவதா வந்து ஒரே ஒரு பாயின்ட்டுல, 69க்கு 68, பட்டத்தைக் கொண்டுபோயிட்டாரு.

தீயில வெந்தவன் திரும்ப வந்து ஓட்டறதுக்கு நெஞ்சு வேணும். பட்டம் கையில இருக்கறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறதுக்கு அதை வுடப் பெரிய நெஞ்சு வேணும். எடுத்த மனுசன் கெட்டாப் போனாரு? அடுத்த வருசமே சாம்பியன். 1984-ல மறுபடியும் சாம்பியன், அதுவும் அரைப் பாயின்ட்டுல. ஒரு பாயின்ட்டை வுட்டவருக்கு அரைப் பாயின்ட்டு வந்து சேந்துது. தீத்தழும்பை மறைக்கத் தலையில ஒரு செவப்புத் தொப்பி போடுவாரு, அந்தத் தொப்பியிலயும் வெளம்பரத்துக்கு எடம் வித்துக் காசு பாத்தாரு. ஆளுன்னா இவன் ஆளு.

நம்மூர்ப் பையன் கதையிலயும் இதே பாடம்தான். நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் டீம்ல ஓட்டுனான், ஃபார்முலா ஒன்னுல ஓட்டுன மொத இந்தியன். அந்த வருசம் ஜூன்ல அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ் பந்தயம். மிஷ்லின் டயர் அந்தச் சரிவு வளைவுல தாங்காதுன்னு கம்பெனியே சொல்லிருச்சு. கூட்டமே பாத்துட்டிருக்க, 14 வண்டி மொத ரவுண்டுக்கு முன்னாடியே வரிசையா உள்ள திரும்பிருச்சு. மிச்சம் ஆறே வண்டி. சனம் கூச்சல் போட்டுப் பாட்டிலைத் தூக்கி எறிஞ்சுது. நரேன் நாலாவதா வந்து அஞ்சு பாயின்ட் எடுத்தான். "ஆறுல நாலுதான?"ன்னு உன்ற பெரியப்பன் சிரிக்கறான். அந்த ஆறுல ஒண்ணா நிக்கறதுக்கு ஸ்ரீபெரும்புதூர் ஃபார்முலா மாருதிப் பந்தயத்துல இருந்து அவன் எத்தனை ஏணி ஏறிப் போனான்னு இவனுக்கென்ன தெரியும்? அன்னைக்குத் திரும்புன பதினாலு பேரையும் சேத்துச் சொல்றேன். பாட்டில் அடி வாங்குனாலும் பரவாயில்லன்னு டயரை நம்பாம நின்னாங்களே, ஆஸ்பத்திரி அடி வாங்கல.

நீ செல்போன்ல படம் வெச்சிருக்கற நடிகர் அஜித்குமாரே 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முந்தி பயிற்சியில பெரிய அடி வாங்குனாரு. அப்பறம் டீமுக்கு எது நல்லதுன்னு பாத்து, தன்ற டீம் வண்டியை ஓட்டாம ஒதுங்கிக்கிட்டாரு. அந்த வண்டி அதோட பிரிவுல மூணாவதா வந்துது. ஓட்டாம வுட்டதுக்கும் சேத்துத்தான் அந்த மூணாவது எடம். உங்க பொழப்பை நீங்க பாருங்கன்னு ரசிகருகளுக்கும் சொல்லிப்போட்டாரு. அவருகிட்ட இருந்து வேகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை வுட்டுட்ட, கெட்டிக்காரன்.

கடைசியா ஒண்ணு. 2020 நவம்பர்ல பஹ்ரைன்ல ரொமான் குரோஜான் மோதுனதப் பாத்திருப்ப. இரும்புத் தடுப்பைப் பொளந்துக்கிட்டு வண்டி ரெண்டாப் போச்சு, தீ எந்திரிச்சு நிக்குது. 28 செகண்ட் அதுக்குள்ள இருந்துட்டு கைப்புண்ணோட வெளிய வந்தான். தலைக்கு மேல ஹாலோன்னு ஒரு வளையக் கம்பி 2018-ல கட்டாயமாக்குனாங்களே, அது அவன் தலையக் காப்பாத்துச்சு. அந்தக் கம்பி வேண்டாம்னு முன்னாடி சொன்னவனும் அவனேதான். உசுரு பொழைச்ச பொறகு ஆஸ்பத்திரியில இருந்தே அதைக் கும்புட்டான். அவன்கிட்ட அத்தனை சுருக்கா ஆளு வந்தது எப்படித் தெரியுமா? மொத ரவுண்டுல எல்லா வண்டிக்கும் பின்னாடி டாக்டரோட ஒரு காரு வரும். அது சட்டம்.

பொள்ளாச்சி ரோட்டுல நீ முறுக்கறப்ப உனக்குப் பின்னாடி யாரு வர்றா கண்ணு? தண்ணி லாரி. முன்னாடி? பால் கேனோட சைக்கிள். எதுத்தாப்ல? பள்ளிக்கூடத்துப் புள்ளைக. கொடி காட்டற ஆளு இல்ல, தடுப்பு இல்ல, கை தட்டற கூட்டம் இல்ல. அங்க செயிச்சாலும் கோப்பை கெடையாது, தோத்தா வாசல்ல பந்தல் மட்டும் உறுதி.

அதனால இந்தக் கெழவன் சொல்றது இதுதான். ஆசை நெசமா இருந்தா இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்புல லைசென்ஸ் எடு. கார்ட்டிங்ல இருந்து ஆரம்பி. கரிவர்தன் மாருதி இன்ஜினைப் போட்டு நம்மூர்லயே ரேஸ் காரு கட்டுன மண்ணு இது, பாதை பக்கத்துலயே இருக்குது. கழுத்தைப் பழக்கு, வேர்வை சிந்து, பாதுகாப்புக்காகச் சண்டை போடு. அப்பறம் மாலை வாங்கிட்டு வா, பெரியப்பனை வெச்சே போட வெக்கறேன். அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை: சாயந்திரத்துக்குள்ள பழைய சைலன்சரை மாட்டு, ஹெல்மெட்டுக் கொக்கியைத் தாடைக்கு அடியில பூட்டு, பள்ளிக்கூடத்து முன்னாடி காலை எடு. இந்த மூணையும் பண்ண முடியாதவனுக்கு ரேஸ் வீரன்னு பேரு வெக்கறது, ஓட்டுனவங்க எல்லாத்துக்கும் பண்ற அவமானம்.